ஒரு வயதுக் குழந்தையை சைக்கிளில் கூட்டிப் போவது: முன் சீட்டா, பின் சீட்டா?

நிலா அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 13 மாதம் முடிந்துவிட்டது. எடை ஒன்பதரை கிலோ. தானாக எழுந்து உட்காருவாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். டே கேர் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆபீஸ். சைக்கிள் எனக்குப் புதிதில்லை, பிரசவத்துக்கு முன்பு வரை தினமும் ஓட்டியவள்தான். ஆனால் குழந்தையை வைத்து ஓட்டியதில்லை.

என் வண்டி நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். பின்னால் கேரியர் இருக்கிறது, சைடு ஸ்டாண்ட் மட்டும்தான். சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பிரிங் இரண்டு உண்டு.

முன்னால் மாட்டும் சீட் வாங்குவதா, பின்னால் மாட்டுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. முன்னால் இருந்தால் என் கண் முன்னாலேயே இருப்பாள் என்று தோன்றுகிறது. என் கணவரோ சீட்டே வேண்டாம், குழந்தையைச் சுமக்கும் பையில் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓட்டு, அதுதான் பத்திரம் என்கிறார். ஹெல்மெட் போட்டால் அவள் உடனே பிடுங்கி எறிகிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

பழைய செயின்

சகோதரி, நான் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன். குழந்தை சீட் மாட்டிக் கொடுப்பதும் என் வேலைதான். என் பிள்ளைகள் இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முன் சீட், பின் சீட் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் ஸ்டாண்ட். சைடு ஸ்டாண்ட் மட்டும்தான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. சீட் மாட்ட வருகிற அப்பா அம்மாக்கள் எல்லோரும் ரோட்டை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கார் இடித்துவிடுமோ, பள்ளத்தில் விழுந்துவிடுவோமோ என்று. ஆனால் உடைந்த சீட்டோடு என்னிடம் வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே சாய்ந்தவை.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். குழந்தையைத் தூக்கிச் சீட்டில் வைத்தாயிற்று. உங்கள் ஒரு கை அவள் நெஞ்சில் இருக்கிறது, இன்னொரு கை பெல்ட்டின் கொக்கியைத் தேடுகிறது. வண்டியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. அவள் எதையோ பார்த்துவிட்டு ஒரு பக்கம் எட்டிச் சாய்கிறாள். தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்தில் பத்து கிலோ எடை நகர்கிறது. முன் சக்கரம் தானாக மெல்லத் திரும்பும். ஹேண்டில் ஒரு பக்கம் மடங்கிவிட்டால் சைடு ஸ்டாண்டுக்கு அதற்கு மேல் வேலையே இல்லை, வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடும். பெல்ட் பாதி போட்ட நிலையில் குழந்தை சீட்டோடு சேர்ந்து விழும். தலை நேராகத் தரைக்குப் போகும்.

அதனால் முதல் செலவு, இரண்டு காலும் அகலமாக ஊன்றுகிற நடு ஸ்டாண்ட். அதோடு முன் சக்கரம் தானாகத் திரும்பாமல் பிடித்துக்கொள்ள ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிற கவை) ஃபிரேமுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன ஸ்பிரிங் ஒன்று உண்டு. அதையும் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்த பிறகும், ஸ்டாண்டை நம்பிக் குழந்தையைச் சீட்டில் விட்டுவிட்டு நகரக் கூடாது. பூட்டைத் திறக்க வேண்டும், கேட்டைச் சாத்த வேண்டும் என்றால் அதையெல்லாம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். உங்கள் பை, பால் பாட்டில், மாற்றுத் துணி எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு கடைசியாக ஏற வேண்டியவள் அவள். இறங்கும்போது முதலில் இறங்க வேண்டியவளும் அவள்தான். ஹெல்மெட்டைத் தரையில் நிற்கும்போதே மாட்டிவிடுங்கள். பெல்ட் போடும்போது உங்கள் இடுப்பை வண்டி சீட்டோடு ஒட்டி அண்டக் கொடுத்து நின்றால் இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, கால். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற குழந்தையின் கால் சக்கரக் கம்பிகளுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை. நல்ல பின் சீட்டில் காலுக்கு இரண்டு பக்கமும் ஆழமான தொட்டி போன்ற மறைப்பு இருக்கும், பாதத்துக்கு மேல் ஒரு வார் இருக்கும். குழந்தை வளர வளரக் கால் தாங்கியை இறக்கி வைக்க வேண்டும். நிறையப் பேர் வாங்கின நாளில் வைத்த உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். முட்டி மேலே இடிப்பதால் பிள்ளை காலை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அதற்கும் மேல் பாதுகாப்பாக, சக்கரத்தின் இரண்டு பக்கத்தையும் மூடுகிற கார்டு போடுங்கள். உங்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது என்றீர்களே, அதுவும் ஆபத்துதான். பின்னால் இருக்கும் குழந்தையின் விரல் அந்த உயரத்துக்குச் சரியாக எட்டும். நீங்கள் உட்கார்ந்து ஒரு குலுக்கு குலுங்கினால் விரல் நசுங்கிவிடும். ஸ்பிரிங் இல்லாத சீட்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கனமான துணியோ ரப்பரோ சுற்றி முழுதாக மூடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. முன் சீட் பெரும்பாலும் 15 கிலோ வரைதான். பின் சீட் 22 கிலோ வரை தாங்கும். முன் சீட்டில் நல்ல விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. குழந்தை எடை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வருவதால் பேலன்ஸ் எளிது. நீங்கள் பேசலாம், அவளும் பார்த்துக்கொண்டே வருவாள். ஆனால் முட்டி சீட்டில் இடிக்காமல் இருக்கக் காலை விரித்து மிதிக்க வேண்டியிருக்கும். ஹேண்டிலைத் திருப்ப இடம் குறையும். திடீரென்று பிரேக் பிடித்து முன்னால் சாய்ந்தால் உங்கள் எடை முழுக்க அவள் மேல் வரும். தினமும் போய்வரப் போகிறீர்கள் என்பதால் என் ஓட்டு பின் சீட்டுக்குத்தான். எது வாங்கினாலும் இடுப்பு வார் மட்டும் போதாது. இரண்டு தோளுக்கும் வார் வர வேண்டும், முதுகுச் சாய்வு தலை உயரம் வரை இருக்க வேண்டும்.

பின் சீட்டிலேயே இரண்டு விதம். ஒன்று கேரியர் மேல் பிடித்துக்கொள்வது. இன்னொன்று சீட் போஸ்ட்டுக்கு (வண்டி சீட்டைத் தாங்குகிற கம்பி) கீழே உள்ள ஃபிரேம் குழாயில் பிராக்கெட் மாட்டி, இரண்டு இரும்புக் கம்பியில் தொங்குவது. இரண்டாவது வகையில் கம்பி கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் மேடு பள்ளத்தில் குழந்தைக்குக் குலுக்கல் குறைவு. பிராக்கெட் பொதுவாக 28 முதல் 40 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள குழாய்க்குப் பொருந்தும். கார்பன் ஃபிரேமில் மட்டும் மாட்டவே கூடாது, இறுக்கினால் நசுங்கும். உங்கள் கணவருக்கு அப்படி ஒரு வண்டி இருந்தால் ஆசைப்பட வேண்டாம்.

சீட்டின் உட்காரும் தட்டில் எடை மையம் எங்கே என்று ஒரு குறி பொறித்திருக்கும். அந்தக் குறி பின் சக்கரத்தின் அச்சுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போகக் கூடாது. போனால் முன் சக்கரம் லேசாகிவிடும். கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது.

மாட்டி முடித்ததும் நான் ஒன்று செய்வேன். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரைக்கும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து தெரியும். ஸ்பேனர் இல்லாமலே தினமும் காலையில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் சொன்ன பை யோசனை வேண்டாம். அவர் அன்பில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் நீங்கள் சாய்ந்தால் அவளும் உங்களோடு அதே உயரத்திலிருந்து விழுவாள், உங்கள் உடம்பு அவள் மேல் விழும். நெஞ்சில் குழந்தை இருக்கும்போது கீழே ரோடும் சரியாகத் தெரியாது.

வார்டு 4 நர்ஸ்

குழந்தைகள் எலும்பு வார்டில் வேலை செய்கிறேன். பழைய செயின் அண்ணன் விவரிக்காமல் விட்டதை நான் சொல்கிறேன். பயமுறுத்த இல்லை, தெரிந்திருந்தால் சரியாகக் கவனிப்பீர்கள் என்பதற்காக.

சக்கரக் கம்பியில் கால் மாட்டி வருகிற பிள்ளைகளுக்குக் காயம் பெரும்பாலும் குதிகாலின் பின்பக்கமும் கணுக்காலும்தான். கால் கம்பிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இறுகி நசுங்கிவிடுகிறது. முதல் நாள் பார்த்தால் வெறும் சிராய்ப்பு போலத்தான் இருக்கும். வீட்டில் மருந்து தடவி விட்டுவிடுவார்கள். உள்ளே நசுங்கிய தோலும் சதையும் சில நாள் கழித்துக் கறுத்து அழிந்து போகும், அதற்குள் தாமதமாகிவிடும். இந்த வயதில் கணுக்காலில் எலும்பு வளரும் குருத்துப் பகுதியும் இருக்கிறது. அதனால் வெளியே காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

ஒருவேளை கால் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பவும் வேண்டாம். வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, கம்பியை வளைத்தோ வெட்டியோ காலை விடுவிக்க ஆள் கூப்பிடுங்கள். விடுவித்த பிறகு சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் மூடிக் கூட்டி வாருங்கள். பேஸ்ட், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம்.

செருப்பு போட்டு உட்கார வைக்காதீர்கள். குதிகாலை முழுக்க மூடுகிற ஷூ போடுங்கள். ஷால், போர்வை நுனி, உங்கள் துப்பட்டா எதுவும் சக்கரப் பக்கம் தொங்கக் கூடாது.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 9 மாதத்திலிருந்து என்று சீட் பெட்டியில் போட்டிருக்கும். குழந்தை மருத்துவர்கள் ஒரு வயது முடியட்டும் என்கிறார்கள். காரணம் கழுத்து. அந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலை பெரியது, அதன் மேல் ஹெல்மெட் எடையும் சேருகிறது. உங்கள் மகள் ஹெல்மெட்டோடு கால் மணி நேரம் தலை சாயாமல் உட்கார்ந்து விளையாடுகிறாளா என்று வீட்டில் பாருங்கள். சாய்ந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

நிலா அம்மா

ரொம்ப நன்றி அண்ணா, ரொம்ப நன்றி சிஸ்டர். ஸ்டாண்ட் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கணவரிடம் இதைக் காட்டினேன், பை யோசனையைக் கைவிட்டுவிட்டார். ஹெல்மெட்தான் இன்னும் போராட்டமாக இருக்கிறது. போடாமல் மெதுவாக ஓட்டினால் பரவாயில்லையா?

பழைய செயின்

மெதுவாக ஓட்டினாலும் வேண்டாம். நின்ற வண்டியே சாயும் என்றுதானே மேலே அவ்வளவு எழுதினேன்.

அவள் பிடுங்குவதற்குக் காரணம் இருக்கும், தேடிப் பாருங்கள். முதலில் அளவு. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் முன் விளிம்பு நிற்க வேண்டும். நெற்றி திறந்து பின்னால் தள்ளிப் போனால் அது ஹெல்மெட்டே இல்லை. காதைச் சுற்றி வருகிற இரண்டு வாரும் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே உங்கள் ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வு வேண்டாம். கொக்கி போடும்போது கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் அன்றோடு அவள் நம்பிக்கை போய்விடும். அந்த இடத்தில் உங்கள் விரலை உள்ளே வைத்துக்கொண்டு கொக்கியைப் போடுங்கள்.

இன்னொன்று, சில ஹெல்மெட்டுக்குப் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். சீட்டின் உயரமான முதுகில் அது முட்டி, குழந்தையின் தலையை முன்னால் குனிய வைத்துவிடும். வழி முழுக்கத் தன் நெஞ்சைப் பார்த்தபடி வர வேண்டுமென்றால் எந்தப் பிள்ளையும் கழற்றி எறியும். பின்பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் சீட்டில் உட்கார வைத்தே போட்டுப் பாருங்கள். ஐரோப்பியத் தர முத்திரை ஈஎன் 1078 அல்லது ஈஎன் 1080 என்றிருக்கும். 1080 சிறு பிள்ளைகளுக்கானது. அந்த வகையில், ஹெல்மெட் எதிலாவது மாட்டிக் கழுத்து இறுகினால் கொக்கி தானாக விட்டுவிடும்.

பழக்கப்படுத்த, வீட்டில் நீங்களும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். பெரிய மகனுக்கு அப்படித்தான் பழக்கினோம். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் கழற்றிவிடுங்கள். ஹெல்மெட்டோடு சறுக்கு மரம், ஊஞ்சல் பக்கம் விடக் கூடாது, வார் மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை கீழே பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீர்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும்.

இரட்டையர் அப்பா

எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே வயது. அதனால் பின்னால் இழுக்கும் ட்ரெய்லர்தான் எடுத்தோம். நிலா அம்மா போகும் பாதை அகலமாக, கார் குறைவாக இருந்தால் யோசித்துப் பார்க்கலாம். பெரிய நன்மை, சைக்கிள் சாய்ந்தாலும் ட்ரெய்லர் நிமிர்ந்தே நிற்கும், இணைப்பு அப்படித் திரும்பிக் கொடுக்கும். உயரமும் குறைவு, தூங்கினாலும் தலை தொங்காது.

ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பிளாட்பார விளிம்பில் ஏறினால், அதுவும் திருப்பத்தில், கவிழ்ந்துவிடும். சைக்கிள் நுழைகிற சந்தில் அது நுழையாது. வண்டிகளின் கண்ணுக்குத் தெரிய உயரமான கொடிக் கம்பு கட்டாயம் வேண்டும். பின் விளக்கை ட்ரெய்லரிலேயே மாட்ட வேண்டும், சைக்கிள் விளக்கை அது மறைத்துவிடுகிறது. (பின் சீட் போடுகிறவர்களும் இதைப் பாருங்கள். சீட்டும் குழந்தையும் சேர்ந்து பழைய சிவப்பு விளக்கை முழுக்க மறைத்திருக்கும்.) நெரிசலான ரோட்டில் புகைக் குழாய் உயரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மாதிரி இடம் என்றால் நான் பின் சீட்டையே சொல்வேன்.

பார் கம்பி

எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் அப்பா என்னைப் பாரில் உட்கார வைத்து, தம்பியைக் கேரியரில் உட்கார வைத்துத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. இவ்வளவு பயப்பட வேண்டுமா?

பழைய செயின்

நானும் அப்படித்தான் போனேன் நண்பரே, அந்த நாள் நினைவு எனக்கும் இனிமைதான். ஆனால் அப்போது நமக்கு ஐந்து வயது, ஆறு வயது. 'காலை அகட்டி வை' என்றால் புரியும். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொள்ளத் தெரியும். 13 மாதக் குழந்தைக்குச் சொன்னால் புரியாது, பாதி வழியில் தூங்கியும் போகும். பாரில் உட்காரும் பிள்ளையின் கால் முன் சக்கரத்துக்குள் போனால் சக்கரம் அங்கேயே நின்று, வண்டி முன்னால் கவிழும். அப்படி வளைந்த ஃபோர்க்கை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு யார் கேட்டாலும் பாரில் வெறுமனே உட்கார வைக்கச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

நிலா அம்மா

பின் சீட் என்று முடிவு செய்துவிட்டோம், நடு ஸ்டாண்டும் சேர்த்து. ஓட்டும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் அண்ணா? அப்புறம் ஒரு சந்தேகம். என் வண்டியில் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயை ஒட்டி பிரேக் கேபிள் ஓடுகிறது, பிராக்கெட் அதன் மேல் உட்காருமா?

பழைய செயின்

குழந்தையை ஏற்றும் முன் பத்து கிலோ மணல் மூட்டையை அந்தச் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓட்டுங்கள். கிளம்புவது, நிற்பது, திரும்புவது மூன்றும் கைக்குப் பழகும் வரை ஓட்டுங்கள். நீங்கள் பழைய கை என்றாலும் இது வேறு வண்டி போலத்தான் நடந்துகொள்ளும். ஏறும்போது காலைப் பின்னால் வீசி ஏறும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், குழந்தை முகத்தில் படும். பார் இல்லாத வண்டி என்பது உங்களுக்கு இங்கே பெரிய வசதி. வண்டி சீட்டைக் கொஞ்சம் இறக்கி, உட்கார்ந்தபடியே பாதம் தரையில் படும்படி வையுங்கள்.

எழுந்து நின்று மிதிக்காதீர்கள். வண்டி இடமும் வலமும் ஆடும், அவள் தலையும் சேர்ந்து ஆடும். மேடு வந்தால் கியரைக் குறையுங்கள், கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள். எடை கூடியதால் நிற்க அதிக தூரம் பிடிக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்கூட்டியே பிடிக்க ஆரம்பியுங்கள். மழையில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் இன்னும் தாமதமாகத்தான் வேலை செய்யும். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள். கதவு திறந்தால் விலக முடியாது, ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். முதுகுப் பையும் ஆகாது, அது சரியாக அவள் முகத்தில் இடிக்கும். ஹேண்டிலில் பை மாட்டினால் திருப்பம் இழுக்கும். முன்னால் கூடை இருந்தால் கனமில்லாததை அதில் போடுங்கள்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் கொக்கியும் சீட்டும் கொதிக்கும். அவளை வைக்கும் முன் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிரில் உங்களுக்கு வேர்க்கும், மிதிக்காமல் உட்கார்ந்திருக்கும் அவளுக்குக் குளிரும். உங்களைவிட ஒரு உடுப்பு கூடுதலாகப் போடுங்கள்.

கேபிள் விஷயம் முக்கியமான கேள்வி. பிராக்கெட்டுக்கு அடியில் கேபிளை வைத்து இறுக்கவே கூடாது. பிரேக் பாதி பிடித்தபடியே நிற்கும், இல்லையென்றால் பிடிக்காது. பிராக்கெட்டை மேலே கீழே நகர்த்தினால் கேபிள் தப்புமா பாருங்கள். சில பிராக்கெட்டில் கேபிளுக்கென்றே பள்ளம் விட்டிருப்பார்கள். இரண்டும் சரிவரவில்லை என்றால் கேரியர் மேல் மாட்டும் சீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போது கேரியரின் தாங்கும் எடையைப் பாருங்கள். கம்பியிலோ தகட்டிலோ 25 கிலோ, 27 கிலோ என்று பொறித்திருக்கும். 10, 18 என்று இருப்பவை சாமான் பைகள் வைக்க மட்டும். சீட்டே 3 முதல் 5 கிலோ வரும், அதையும் குழந்தை எடையோடு கூட்டிப் பாருங்கள். 22 கிலோ வரை அவளைக் கூட்டிப் போக நினைத்தால் 27 கிலோ கேரியர்தான் சரி. எண்ணே இல்லாத கேரியர் என்றால் புதிதாக மாற்றிவிடுங்கள்.

அந்தக் குழாயையும் கேரியரையும் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், கேபிள் எங்கே ஓடுகிறது என்று தெரிகிற மாதிரி. பார்த்துவிட்டு எந்த வகை பொருந்தும் என்று சொல்கிறேன்.